தோட்டம் அங்கே, வீடு இங்கே: எந்த டிரஸ்ட் யாருக்கு?

போடிமெட்டு வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. வேலைக்குப் போகிறவர்கள் தேனி மாவட்டம், பல தோட்டங்களின் முதலாளிகளும் தேனி மாவட்டம். ஏலச்செடி நிற்கும் மண் மட்டும் இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலை தாலுக்கா. பாலக்காட்டுப் பக்கம் இதே கதை தென்னையில் நடக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் வீடும் ஒரு தோப்பும் இருக்கும், எல்லை தாண்டி ஆனைமலைப் பக்கம் இன்னொரு தோப்பு இருக்கும். இப்படிப்பட்ட குடும்பங்களில் பெரியவருக்கு எழுபது நெருங்கும்போது, கோயம்புத்தூரில் ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்த யாராவது ஒருவர், "பேசாம எல்லாத்தையும் ஒரு டிரஸ்ட்ல போட்டுருங்கப்பா" என்று சொல்லிவிடுகிறார்.

பெரும்பாலான வீடுகளுக்கு டிரஸ்ட் தேவையே இல்லை. பிள்ளைகள் வளர்ந்தவர்கள், கணக்கு வழக்கு தெரிந்தவர்கள், தமக்குள் பேச்சுவார்த்தை உள்ளவர்கள் என்றால் ஒரு தெளிவான உயில் போதும். எழுதியவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்து, அவ்வளவுதான் சட்டம் கேட்பது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் இரண்டு மாநிலத்தில் நிலம் வைத்திருப்பவர் பதிவு செய்துவிடுவது நல்லது. "பையன் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்வானா" என்பது மட்டுமே கவலை என்றால் அதற்கும் டிரஸ்ட் வேண்டாம். செட்டில்மெண்டோ தானமோ எழுதும்போது, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். நிபந்தனை மீறப்பட்டால் 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவின்கீழ், தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைப் பெற்றோருக்குச் சாதகமாக, தாராளமாகவே படித்துத் தீர்ப்பளித்தது.

பின் டிரஸ்ட் யாருக்கு? சொத்தை அனுபவிக்க வேண்டியவரால் அதை நிர்வகிக்க முடியாது என்ற நிலை எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டுக்கு.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் நாலு ஏக்கர் தோப்பு உள்ள தகப்பனாருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகனுக்கு வயது முப்பது. அறிவு வளர்ச்சி குறைந்தவர், அம்மா சொன்னால்தான் சாப்பிட உட்காருவார். உயிலில் தோப்பை மகன் பேருக்கு எழுதினால், அவரால் ஒரு கையெழுத்தும் போட முடியாது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுப் போட்டு யாராவது காப்பாளராக வேண்டும். மகள் பேருக்கு எழுதி, "தம்பியப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவைத்தால், மகள் தங்கமானவளாகவே இருக்கட்டும், அவள் பேரில் உள்ள நிலம் அவள் கடனுக்கும் ஜாமீனுக்கும் ஜப்திக்கும் உட்பட்டது. அவளுக்கு முன்பின் ஆகிவிட்டால் அது அவள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் இறங்கும். அவர்கள் யாருக்கும் சொல்லிவைத்த வார்த்தை இல்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் இருக்கிறது. கொடுப்பவர் ஒருவர்; பேரில் வைத்து நிர்வகிக்கும் டிரஸ்டி ஒருவர்; பலனை அனுபவிக்கும் பயனாளி ஒருவர். நிலம் டிரஸ்டி பேரில் நிற்கும், ஆனால் அதிலிருந்து அவர் தனக்கென்று லாபம் பார்க்கக் கூடாது. அவர் சொந்தக் கடனுக்கு அந்த நிலம் பிணையாகாது. மகளையே டிரஸ்டியாகப் போட்டாலும் நிலம் அவளுடைய சொத்தாகிவிடாது.

எந்த வகை டிரஸ்ட் என்று யோசிக்கும் முன் நிலத்தின் ஆதாரத்தை (பத்திரத்தை) எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லைப் பக்கத்தில் பாதி விஷயம் இங்கேயே முடிந்துபோகும். பயனாளிக்கு மாற்றிக்கொடுக்கக் கூடிய சொத்தை மட்டுமே டிரஸ்டில் வைக்க முடியும் என்பது அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. இடுக்கியில் எல்லா ஏலத்தோட்டமும் அந்த வகையில் சேராது. சில நிலம் அரசு குத்தகை. அதை டிரஸ்டுக்கு மாற்றுவது உங்கள் விருப்பத்தால் மட்டும் நடக்காது. சிலது அரசு பதித்துக்கொடுத்த பட்டா. வாரிசுக்கு இறங்கும், இத்தனை ஆண்டுக்குள் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையும் பட்டாவிலேயே இருக்கும். வாழும்போதே டிரஸ்டுக்கு எழுதுவது கைமாற்றம்தான். இன்னும் சிலரிடம் இருப்பது வெறும் கைவசம். ஆண்டு ஆண்டாகச் செடி வைத்துக் காயெடுத்திருப்பார்கள், பட்டா வந்திருக்காது. ஏலமலை எவ்வளவு காடு, எவ்வளவு வருவாய் நிலம் என்ற வழக்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1897-ஆம் ஆண்டு அறிவிப்பில் இருப்பது 15,720 ஏக்கர் என்கிறது அரசு, 2,15,720 ஏக்கர் என்கிறது எதிர்த்தரப்பு. முன்னால் ஒரு இரண்டு இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு மலைத்தொடரே தொங்குகிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிதாகப் பட்டா கொடுப்பதை நிறுத்திவைத்தது. பட்டா இல்லாத நிலத்தை முத்திரைத்தாளில் டிரஸ்டுக்கு எழுதிவிட்டால் பட்டா வந்துவிடும் என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நில உச்சவரம்பைத் தாண்டுவதற்காக டிரஸ்ட் போடுகிறவர்களும் உண்டு. அதற்கும் கேரளாவில் வழியில்லை. 1963-ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 82-ஆம் பிரிவில், தனியார் டிரஸ்ட் வைத்திருக்கும் நிலத்தை அதை உருவாக்கியவரின் நிலமாகவே கணக்கில் எடுக்கிறது. அவர் இல்லையென்றால் அவருக்குப் பின் வந்தவர்களின் நிலமாக. ஏலம், தேயிலை, காப்பி, ரப்பர் போன்ற தோட்டப் பயிர்களுக்கு உச்சவரம்பில் விலக்கு உண்டு, தென்னைக்கு இல்லை. விலக்குப் பெற்ற ஏலத்தோட்டத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால் விலக்கு போய்விடும். எனவே, டிரஸ்ட் பத்திரத்தில் "டிரஸ்டிகள் ரிசார்ட் கட்டலாம்" என்று ஆசையாய் ஒரு வரி சேர்ப்பவர்கள் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அடுத்தது, அந்த நிலம் முழுக்க உங்களுடையதுதானா? தமிழ்நாட்டுப் பக்கம் இந்துக் குடும்பத்தின் பூர்வீக நிலத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு. 1989-இல் மாநிலத் திருத்தம், 2005-இல் மத்தியத் திருத்தம், 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று அது உறுதியாகிவிட்டது. தகப்பனார் தன் பங்கை மட்டுமே டிரஸ்டில் வைக்கலாம். கேரளத்தில் 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுக் குடும்ப முறையே ஒழிந்தது. அதனால் "கேரளா நிலத்துக்குப் பூர்வீகம் கிடையாது, அப்பா வச்சதுதான் சட்டம்" என்று இரு பக்கமும் சொல்லிப் பழகிவிட்டார்கள். 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், அந்த ஒழிப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தத்தோடு முரண்படுவதால் நிற்காது, பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆகவே இரு பக்கமும் ஒரே எச்சரிக்கைதான்: பூர்வீக வாடை அடிக்கும் நிலம் என்றால் மகள்களை அழைத்துவைத்து, தெரிவித்து, தேவைப்பட்டால் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்குங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தன் சொத்தை விரும்பியபடி உயில் எழுதலாம். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பங்களுக்கு வேறு வரம்பு. வாரிசுகள் ஒப்பாவிட்டால் உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது. அவர்கள் டிரஸ்ட் பற்றி யோசித்தால் வாழும்போதே அமைப்பதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் தேறினால்தான் வகை. சந்தையில் பத்துப் பெயர் சொல்வார்கள். உண்மையில் தீர்மானிக்க வேண்டியவை மூன்று கேள்விகள்: எப்போது தொடங்குவது, திரும்பப் பெறலாமா, யாருக்கு எவ்வளவு என்பதை இப்போதே எழுதுவதா டிரஸ்டியிடம் விடுவதா.

எப்போது என்பதில், உயிலுக்குள்ளேயே டிரஸ்டை எழுதிவைக்கலாம். அது எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் உயிர் பெறும். அதுவரை தோப்பு அவர் பேரில், காய் விற்ற பணம் அவர் கையில், மனம் மாறினால் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். இப்போது முத்திரைத் தீர்வை இல்லை, போக்குவரவு (பெயர் மாற்றம்) இல்லை, தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு) மாற வேண்டியதில்லை. மேலே சொன்ன சித்தூர்த் தகப்பனாருக்கு நான் இதைத்தான் சொல்வேன். குறை என்னவென்றால், அவர் இறந்த பிறகுதான் எல்லாமே தொடங்கும். பக்கவாதம் வந்து பத்து வருஷம் படுக்கையில் கிடந்தால் இந்த டிரஸ்ட் எட்டிக்கூடப் பார்க்காது. அந்தப் பயம் உள்ளவர்கள் வாழும்போதே தொடங்க வேண்டும். நிலத்தை வைத்து அப்படித் தொடங்கும் டிரஸ்ட் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும். குடும்பத்துக்குள் செட்டில்மெண்டுக்கும் தானத்துக்கும் கிடைக்கும் முத்திரைத் தீர்வைச் சலுகை டிரஸ்டுக்கும் தானாகக் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. எழுதும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நிலத்தின் மதிப்பைப் பொறுத்து அது பெரிய தொகையாகலாம்.

திரும்பப் பெறலாமா? வாழும்போதே அமைத்த டிரஸ்டில், ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்திலேயே வைத்துக்கொண்டால்தான் பிறகு தனியாக ரத்து செய்ய முடியும். எழுதாமல் விட்டால், பயனாளிகள் எல்லோரும் மேஜராகி, எல்லோரும் சம்மதித்தால்தான் கலைக்கலாம். அறிவு வளர்ச்சி குறைந்த ஒருவர் பயனாளியாக இருந்தால் அந்தச் சம்மதம் கிடைக்கவே போவதில்லை. உரிமையை வைத்துக்கொள்வது நிம்மதி. அதற்கு விலையும் உண்டு: அப்படிப்பட்ட டிரஸ்டின் வருமானத்தை வருமான வரித்துறை கொடுத்தவரின் வருமானமாகவே பார்க்கும். கடன்காரரிடமிருந்தும் அது பெரிதாகக் காப்பாற்றாது. திரும்பப் பெற முடியாத டிரஸ்ட் காப்பாற்றும், கடன் தலைக்குமேல் ஏறிய பிறகு அவசர அவசரமாக எழுதியதாக இல்லாதவரை. கடன்காரரை ஏமாற்றச் செய்த மாற்றத்தைச் சொத்து மாற்றச் சட்டத்தின் 53-ஆம் பிரிவைக் காட்டி அவர்கள் உடைத்துவிடலாம்.

மூன்றாவது கேள்வியில்தான் நம் ஊர்க்காரருக்கும் நகரத்துக்காரருக்கும் கணக்கு வேறுபடுகிறது. "மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி" என்று பங்கைக் குறித்துவிட்டால், அவரவர் பங்குக்கு அவரவர் வரி விகிதம். பங்கைக் குறிக்காமல் "தேவை பார்த்து டிரஸ்டி கொடுக்கட்டும்" என்று விட்டால், வரி விதிக்கத்தக்க வருமானத்துக்கு உச்ச விகிதம். நகரத்து ஆடிட்டர்கள் இரண்டாவது வகை என்றாலே கையை உதறுவது இதனால்தான். ஆனால் விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரியே கிடையாது. ஏலக்காயும் தேங்காயும் விற்றுவரும் பணத்தின் மேல் அந்த உச்ச விகிதம் பாயாது. வங்கி வட்டி, கடை வாடகை போன்றவற்றின் மேல்தான் பாயும். விவசாய வருமானத்துக்கு வரி போடுவது மாநிலத்தின் அதிகாரம். கேரளத்தில் அதற்கு 1991-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதைப் பற்றி உள்ளூர்க் கணக்கரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உயில் மூலம் ஒருவர் அமைக்கும் ஒரே டிரஸ்டாக இருந்தால் மத்திய வரியிலும் உச்ச விகிதத்துக்கு விலக்கு உண்டு. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பழைய பிரிவு எண்களை வைத்துக்கொண்டு யாரும் வாதாட வேண்டாம்.

ஆகவே குடிப்பழக்கம் உள்ள மகனுக்கோ, கண்ட இடத்தில் கைநீட்டிக் கடன் வாங்கும் மருமகனைக் கட்டிய மகளுக்கோ எழுதும்போது, தோட்டத்தை நம்பி வாழும் குடும்பம் "டிரஸ்டி விருப்பம்" வகையைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம். இவ்வளவு என்று உரிமையாக எழுதப்படாத பணத்தைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது. சித்தூர்த் தகப்பனார் வீட்டில் அப்படி ஒரு சிக்கல் இல்லை. மகனுக்கு வருமானத்தில் முதல் உரிமை, மிச்சம் மகளுக்கு, மகன் காலத்துக்குப் பின் நிலம் பேரப்பிள்ளைகளுக்கு என்று குறித்துவிடுவதே சண்டை வராத வழி.

குறிக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும்: "மாதம் இருபதாயிரம் கொடுக்க வேண்டும்" என்று ரூபாயில் எழுதிவிடாதீர்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டு மூன்று ஆண்டுக்குள் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. ஏழாயிரம் விற்ற வருஷத்தில் எழுதிய மாதத் தொகையை, எண்ணூறு விற்கும் வருஷத்தில் கொடுக்க முயன்றால் டிரஸ்டி செடியை விற்றுத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். களை, மருந்து, கூலி, ஸ்டோர் செலவு எல்லாம் போக நிற்கும் வருமானத்தில் இத்தனை பங்கு என்றும், பயனாளியின் மருத்துவத்துக்குக் குறைந்தபட்சம் ஒரு வருஷச் செலவைக் கையிருப்பில் வைக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். தென்னைக்கும் இதே பேச்சுதான். சித்தூர்ப் பக்கம் மரத்தைக் கள் இறக்கக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாம். ஆனைமலைப் பக்கம் கள் இறக்கத் தடை. ஒரே டிரஸ்டின் இரண்டு தோப்பு, இரண்டு வகைப் பணம். டிரஸ்டிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"வம்சத்துக்கும் விற்கக் கூடாது" என்று எழுதச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குடும்ப டிரஸ்டில் அது செல்லாது. இப்போது உயிரோடிருப்பவர்களின் ஆயுள், அதன்பின் பிறக்கப்போகும் ஒருவர் மேஜராகும் காலம், அதற்கு மேல் சொத்தைக் கட்டிவைக்கச் சட்டம் விடாது. என்றென்றைக்கும் நிற்கக் கூடியது தர்மத்துக்கு எழுதிய சொத்து மட்டுமே. குடும்பத்துக்கு வேண்டியதை அதில் கலக்கக் கூடாது. இதைச் சரியாகச் செய்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1926-இல் கோயம்புத்தூரில் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தை ஐந்து பாகமாக்கி, ஐந்தாவதைத் தனியே தர்மத்துக்கு வைத்தார்கள். பி.எஸ்.ஜி. நிறுவனங்கள் அந்த ஐந்தாவது பாகத்திலிருந்து வந்தவை. நான்கு பங்கு குடும்பத்துக்கு, ஒன்று ஊருக்கு, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

டிரஸ்டி விஷயத்தில் சறுக்கினால் மேலே சொன்ன எல்லாமே வீண். 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் கோயில் கைங்கரியத்துக்கும் தர்மத்துக்கும் பெரும் சொத்தை உயிலில் எழுதிவைத்தார். பொறுப்பில் வந்தவர்கள் கையில் அது சிக்கி, கடைசியில் நீதிமன்றம் தலையிட்டுத்தான் வழிக்கு வந்தது. அவர் பேரில் சென்னையில் பள்ளி திறந்தபோது ஆண்டு 1842. அவ்வளவு பெரிய மனிதரின் உயிலுக்கே அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஒரே ஒரு டிரஸ்டி வேண்டாம், நான்கு பேரும் வேண்டாம். பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். காயெடுப்பு நேரத்தில் ஆளுக்கு வாரக்கூலி கொடுக்க வேண்டும். ஒருவர் கையெழுத்துப் போட துபாயிலிருந்து வர வேண்டும் என்றால் அடுத்த வாரம் ஜீப் காலியாகத்தான் மலையேறும். இரண்டு அல்லது மூன்று பேர் போதும். அன்றாடச் செலவுக்கு இன்னார், இத்தனை ரூபாய்வரை. விற்பதற்கும் அடமானத்துக்கும் எல்லோரும் என்று பிரித்து எழுதுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், டிரஸ்டியாக்காதீர்கள். நிலத்தை விற்கும் பொறுப்பில் உள்ள டிரஸ்டி அதைத் தானே வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வேலி ஓரத்தில் ஆசை வந்தால் சட்டம் வெகு தூரத்தில் நிற்கும். சம்பளம் உண்டு என்று எழுதாவிட்டால் டிரஸ்டிக்குச் சம்பளம் கேட்க உரிமையில்லை. உழைப்பை எதிர்பார்த்தால் ஒரு தொகையை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது தேங்காய்க் கணக்கில் தெரியாமல் போகும். ஒரு டிரஸ்டி இறந்தால் அடுத்து யார் என்பதையும் பேர் சொல்லி எழுத வேண்டும்.

பத்திரம் இரண்டு மாநிலத்து நிலத்தையும் சேர்த்து ஒன்றாக வேண்டாம். வாழும்போதே அமைப்பதென்றால், கேரள நிலத்துக்கு அந்த எல்லைக்குட்பட்ட சார்பதிவாளரிடம் ஒன்று, தமிழ்நாட்டு நிலத்துக்கு இங்கே ஒன்று. இரண்டிலும் ஒரே டிரஸ்டிகள், ஒரே நிபந்தனைகள். அங்கே ஆதாரம் மலையாளத்தில் எழுதப்படும். கையெழுத்துப் போடும் முன் வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மலையாளம் பேசத் தெரியும் என்பதும் ஆதார மலையாளம் புரியும் என்பதும் வேறு. ஆதாரம் எழுதப் போகும்போது முன் ஆதாரம், நடப்பு வருஷக் கரம் (நிலவரி) கட்டிய ரசீது, குடிக்கடச் சான்று (வில்லங்கச் சான்று), பட்டா நிலமென்றால் பட்டாவின் நகல், பயனாளிக்கு மாற்றுத்திறனாளிச் சான்று இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். பதிவானதோடு நிற்காமல் வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு முடித்து, டிரஸ்டி பேரில் கரம் கட்டி ரசீது வாங்க வேண்டும். டிரஸ்ட் பேரில் தனியாகப் பான் எண், தனியாக வங்கிக் கணக்கு. காய் விற்ற பணம் முதல் தடவையிலிருந்தே அந்தக் கணக்கில் விழட்டும்.